மதினி வாங்காத பத்திரிகை

"பையா, யே வாபஸ் லே ஜாவோ. ஹம்கோ நஹீ சாஹியே."

சொல்வது இந்தி, ராகம் முழுக்கத் திருநெல்வேலி. மயூர் விஹாரில் எங்கள் ப்ளாக்குக்கு லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி மூச்சு வாங்க ஏறி வந்து, ஒவ்வொரு கதவுக் கைப்பிடியிலும் பீட்சாக் கடையின் வழவழக் காகிதத்தைச் செருகிக்கொண்டு போவார் ஓர் ஆள். எதிர்வீட்டுக் கைப்பிடியில் மட்டும் அவர் கையை எடுப்பதற்குள் கதவு திறந்துவிடும். திறந்தவர் ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, மறு கையில் அந்தக் காகிதம். தண்ணீரைக் குடித்தாக வேண்டும், காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். இரண்டில் எதை மறுத்தாலும் அந்த அம்மாள் விடமாட்டார்.

அவர் கணவரை ப்ளாக் முழுவதும் அண்ணாச்சி என்று கூப்பிட்டது. பஞ்சாபிக்காரர்கள்கூட 'அண்ணாச்சிஜி' என்பார்கள். அதனால் இவர் எங்களுக்கு மதினி ஆனார். நான் திருச்சிக்காரி. எங்கள் பக்கம் அண்ணி என்போம். "அண்ணின்னா யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கு, மதினின்னே சொல்லு" என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். அவர்கள் டில்லியை விட்டு மகனோடு பெங்களூர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் என் வீட்டுக் கைப்பிடியில் ஏதாவது காகிதம் தொங்கினால், எதிர்க் கதவு திறக்கும் என்று ஒரு கணம் நின்று பார்க்கிறேன்.

வேண்டாத காகிதம் வந்தால் நான் என்ன செய்வேன்? எல்லோரையும் போலத்தான். பழைய பேப்பரோடு போட்டுவைப்பேன், பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரர் வரும்போது எடை போட்டுக் கொடுத்துவிடுவேன். இதைச் சொன்னால் மதினிக்குச் சிரிப்பு வரும்.

"கபாடிக்குப் போட்டா நிறுத்துனதாயிருமா? நீ போற வழியைப் பாக்கே, வாற வழி தொறந்துலா கெடக்கு. வேண்டாம்னா வாசல்லயே சொல்லிரணும். உள்ள வாங்கி வச்சிக்கிட்டு வேண்டாம் வேண்டாம்னு பொலம்புனா யாருக்குக் கேக்கும்?"

இதற்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அண்ணாச்சிக்கு மூச்சிழுப்பு உண்டு. டில்லிக் குளிர்காலத்தில் ராத்திரிக் காவலாளி கேட்டுக்குப் பக்கத்தில் தீ மூட்டிக் குளிர்காய்வார். எரிவது காய்ந்த இலையும், ப்ளாக்கில் கதவுக்குக் கதவு தொங்கி விழுந்த வழவழக் காகிதமும். அந்தப் புகை நேராக மேலே ஏறி அண்ணாச்சியின் ஜன்னலுக்கு வந்துவிடும். மதினி கீழே இறங்கிச் சண்டை போடப் போனார். "மாதாஜி, டண்ட் பஹுத் ஹை" என்று அந்த மனிதர் கையை நீட்டிக் காட்டினாராம். விரலெல்லாம் விறைத்துப் போயிருந்ததாம். திரும்பி மேலே வந்து அண்ணாச்சியின் பழைய பஞ்சுப் போர்வையை, அந்த ரஜாயை, எடுத்துப்போய்க் கொடுத்தார். அவர் ரஜாயையும் போர்த்திக்கொண்டார், தீயையும் மூட்டினார்.

"அவன்ட்ட என்னத்தச் சொல்ல? குளிருதுங்கான். எரிக்கதுக்குப் பேப்பர் இல்லேன்னா எரிக்க மாட்டாம்லா?" என்றார் என்னிடம். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பிடிவாதம்.

முதலில் மாட்டியவர் பேப்பர்காரர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை உதறினால் கோச்சிங் சென்டர், உடற்பயிற்சிக் கூடம், வீட்டுமனை என்று வரிசையாக நோட்டீஸ் கொட்டும். தன் வீட்டுப் பேப்பரை உதறிவிட்டுத்தான் போட வேண்டும் என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரும் அச்சா, அச்சா என்று தலையாட்டினார். அந்த வாரத்திலிருந்து என் பேப்பரில் எல்லா நோட்டீஸும் இரண்டிரண்டாக வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக எதிர்வீட்டுக்குப் போய், "உங்க குப்பையெல்லாம் எங்க வீட்டுக்கு வருது மதினி, நல்லா இருக்கு நியாயம்!" என்று கத்திவிட்டேன்.

மதினி கோபப்படவில்லை. நோட்டீஸை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மறுநாள் மார்க்கெட்டில் இருந்த அந்தக் கோச்சிங் சென்டருக்கே கிளம்பிவிட்டார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே டை கட்டின மானேஜர் எங்களுக்கு நாற்காலி போட்டு, பையன் எந்த வகுப்பு என்று கேட்டார். மதினி தன் இந்தியில் எங்கள் ப்ளாக்கை வீடு வீடாக ஒப்பித்தார். இந்த வீட்டில் கிழவர் இரண்டு பேர், அந்த வீட்டில் கைக்குழந்தை, மேலே பாங்க் மானேஜர், கல்யாணமே ஆகாதவர். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் ப்ளாக்கில் யாருமே இல்லை, பின்னே யாருக்குப் போடுகிறீர்கள்? மானேஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நோட்டீஸ் நின்றது. எங்கள் வீட்டிலும்தான்.

தபால்காரரோடு இன்னும் சுலபம். அண்ணாச்சி எந்தக் காலத்திலோ வாங்கின நாலு ஷேருக்கு வருஷா வருஷம் தலையணை கனத்தில் அறிக்கை வரும். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று அவரையே எழுதவைத்து அப்படியே திருப்பிவிடுவார் மதினி. பிறகு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, பதிவு செய்யப்பட்ட குரல்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் ஒரு மனிதக் குரலைப் பிடித்து, இனிமேல் எல்லாம் ஈமெயிலில் வந்தால் போதும் என்று சொல்லி முடிப்பார். ஈமெயிலை யார் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் வேடிக்கை. கோயில் விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

ஊரில் அண்ணாச்சியின் குலதெய்வக் கோயிலிலிருந்து கொடைத் திருவிழாவுக்கு வருஷந்தோறும் ஒரு பெரிய மஞ்சள் பத்திரிகை வரும். விரித்தால் மேஜை நிறைந்துவிடும். மேலே அம்மன் படம், கீழே நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்கள். அதில் ஒரு மூலையில் அண்ணாச்சியின் காலமான அப்பா பெயர் இருக்கும். சாமி படம் போட்டதைக் கபாடிக்குப் போட முடியாது. பார்க் ஓரத்து அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். அங்கே மழையில் நனைந்து, நாய் மிதித்து, எல்லாச் சாமியும் கிடக்கும். மதினிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தர்மகர்த்தாவுக்குப் போன் போட்டார்.

"வரி ஒழுங்கா அனுப்பிருவோம். பேரைப் போட்டுக்கிடுங்க. பத்திரிகை மட்டும் அனுப்பாதீங்க."

"பேரு போட்டவங்களுக்குப் பத்திரிகை போவும்மா. அதான் வழக்கம். வேண்டாம்னா பேரும் வராது."

மதினி கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. பேரும் வேண்டாம்."

அண்ணாச்சி அதற்குப் பிறகு பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்கப்பா பேரும் உனக்குக் குப்பையாத் தெரியுது, என்ன?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். மதினி என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "குப்பைன்னா சொன்னேன்? அரசமரத்தடியில கெடக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்?" என்றார். ஆனால் தர்மகர்த்தாவுக்கு மறுபடி போன் போடவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது எவ்வளவு தூரம் போனாலும். இந்த அம்மாள் ஒரு நாள் பெரிதாக எதையாவது இழக்கப்போகிறார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்களிடமும் அவர் வழி தனி. குங்குமம் எடுத்துக்கொள்வார், வெற்றிலை பாக்கை வாங்கிக்கொள்வார். பத்திரிகையைப் பிரித்து மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துத் தாத்தா பெயர் வரை படிப்பார். சுவர்க் காலண்டரில் தேதியைக் குறித்துக்கொண்டு பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "வாயால சொல்லிட்டீங்க, போதும். இது வேற வீட்டுக்கு ஆகும்லா?" சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் சொன்ன கல்யாணத்துக்கு அவர் போகாமல் இருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவர் தம்பி மகனுக்குக் கல்யாணம் வந்தது.

தம்பி கரோல் பாகில் இருந்தார். டில்லிக்கு வந்த புதிதில் அக்கா குடும்பமும் தம்பி குடும்பமும் அங்கே ஒரே வாடகை வீட்டில் இருந்தவர்கள். தம்பி மனைவி ஆபீஸுக்குப் போக, அந்தப் பையன் மதினியின் இடுப்பில்தான் வளர்ந்தான். அவனுக்கு உடன்பிறந்த அக்கா தங்கை கிடையாது. தாலி முடிச்சை அத்தைதான் போட வேண்டும் என்று பெண் பார்த்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. மதினி அதற்கென்று அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார். இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

தம்பி ஒரு கட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். மயூர் விஹார் பக்கம் உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அக்காதான் கொடுக்க வேண்டும். தன் மனைவியின் பெரியப்பா வீட்டைத் தனியாகச் சொன்னார். "அங்க நாங்க ரெண்டு பேரும் போய் நேர்ல சொல்லியாச்சுக்கா. அப்ப பத்திரிகை அச்சாகி வரல. அதை மட்டும் நீ குடுத்திரு."

மதினி என்ன செய்தார்? கட்டிலிருந்து ஒரே ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே தம்பி கையில் கொடுத்துவிட்டார். "ஒண்ணு போதும். நான் வீடு வீடாப் போய்க் கூப்பிட்டுக்கிடுதேன்."

போனார். தாம்பாளம், குங்குமம், பூ எல்லாவற்றோடும் முறையாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, பத்திரிகையைக் காட்டி, படிக்கச் சொல்லி, வேண்டுமானால் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லி, 'இது வேற வீட்டுக்கு ஆகும்லா' என்று திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். பெரியப்பா வீட்டிலும் அதையே செய்தார். அங்கேதான் வாய்ச்சொல் முதலிலேயே போய்விட்டது, போக வேண்டியிருந்தது பத்திரிகை ஒன்றுதான். அதை நீட்டி, காட்டி, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்!

பெரியப்பா பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு ஒரு பத்திரிகைக்குக்கூடத் தகுதி இல்லையா?" என்று கரோல் பாகுக்குப் போன் போட்டார். தம்பி மனைவி அழுதுகொண்டே மதினிக்குப் போன் போட்டார்.

"நீங்க ஒங்க வீட்டுக்கு வாறதை நிறுத்துங்க மதினி. எங்க வீட்டுலேருந்து போறதையும் நிறுத்த ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பிறகு தம்பி போனை வாங்கி, "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா, விட்டுரு" என்று வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்தவர் அக்கா வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் போல இருக்கும்போது ஒரு கூரியர் வந்தது. நான் மதினி வீட்டில்தான் இருந்தேன். தம்பி கையெழுத்து. உள்ளே பத்திரிகை இருக்கிறது என்று தொட்டாலே தெரிந்தது. கரோல் பாகிலிருந்து மயூர் விஹாருக்கு மெட்ரோவில் ஒரே வண்டி, மாறக்கூட வேண்டாம். அக்காவைக் கூப்பிடக் கூரியர் அனுப்பியிருக்கிறார்!

மதினி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா கேட்டார். முதுகுப் பக்கம் இந்தியில் 'வாபஸ்' என்று எழுதினார். அதற்குக் கீழே தமிழில்: 'தம்பி, பேப்பர் வேண்டாம். நீ வா.'

"மதினி, இது விளையாட்டு இல்ல. போன் போட்டுச் சொல்லிடுங்க."

"போன்ல கூப்பிட்டிருந்தாம்னா போன்ல சொல்லியிருப்பேன். கூரியர்ல கூப்பிட்டான், கூரியர்ல சொல்லுதேன்."

"நான் வேணா அவர்கிட்ட சொல்லவா?"

"நீ சொல்லி அவன் வந்தாம்னா நான் போவ மாட்டேன். பாத்துக்கோ."

கூரியர்காரர் தோளைக் குலுக்கிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரே ஊருக்குள் போகிற உறை வருவதற்கு இரண்டு நாள் ஆகிறது, திரும்பிப் போவதற்கு எத்தனை நாளோ யார் கண்டது? எந்தக் கிடங்கில் எந்த மூட்டைக்கு அடியில் கிடந்ததோ. நாட்கள் போயின. தம்பியிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. அக்கா பத்திரிகையை வாங்கிக்கொண்டும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதானே அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருப்பார்? மாப்பிள்ளைப் பையன் மட்டும் போனில் கெஞ்சினான். "அப்பாவை விடுங்க அத்தை, நீங்க வாங்க."

"கல்யாணம் ஒனக்கு ராசா. கூப்பிட வேண்டியது ஒங்கப்பன்" என்றார் மதினி. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. அண்ணாச்சி பட்டுவேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி, மீசைக்கு மை அடித்துக்கொண்டு, ஹாலில் உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயால் சொன்னால் போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, அந்த ஒரு வாய்ச்சொல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது மணி அடித்தது. மதினிதான் திறந்தார். தம்பி நின்றார். மூன்று மாடி ஏறின மூச்சு. கையில் அந்த உறை, ஓரமெல்லாம் கசங்கி, மேலே ஏதேதோ முத்திரை குத்தி.

"இன்னைக்குத்தான்க்கா இது வந்துச்சு. இத போன்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"இத நீ நேர்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

தம்பி சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை காலைல கல்யாணம். நீயும் அத்தானும் முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்" என்று புதிதாகச் சொல்வதுபோல முழுவதும் சொன்னார். மதினி குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெட்ரோலயா வந்தே? காப்பி குடி" என்றார்.

காப்பி ஆனதும் உறையைக் கிழித்தார். உள்ளே பத்திரிகை நான்கு மூலையிலும் மஞ்சளோடு புத்தம் புதிதாக இருந்தது.

"ஒம் பொஞ்சாதியோட பெரியப்பா வீட்டுக்கு இன்னும் பத்திரிகை போகலல்லா? கெளம்பு, நானும் வாறேன்."

என்னையும் வரச் சொன்னார். பக்கத்து ப்ளாக்தான். பெரியப்பா எங்களை உட்காரச் சொல்லவில்லை. மதினி தாம்பாளத்தில் பத்திரிகையை வைத்து நீட்டினார். அவர் வாங்கினார், நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாத்தா பெயர் வரை படித்தார், மடித்தார். மதினியிடமே நீட்டினார்.

"படிச்சாச்சும்மா. இது வேற வீட்டுக்கு ஆகுமே?"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மதினி தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"இல்ல பெரியப்பா. இது ஒங்களுக்குத்தான். எம்மேல தப்பு. தயவு செஞ்சு வச்சிக்கிடுங்க."

வாழ்நாளில் ஒரு துண்டுக் காகிதத்தை யாரிடமும் வற்புறுத்திக் கொடுத்திருப்பாரா அந்த அம்மாள்? பெரியப்பா பத்திரிகையைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தார். "உக்காருங்க. ஞாயித்துக்கிழமை காலைல எங்களுக்கு வண்டி அனுப்புவீங்களா, நாங்களே வரணுமா?" என்று கேட்டார். தம்பி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தம்பியை மெட்ரோவுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, எங்கள் கேட் பக்கம் வந்ததும் மதினி நின்றார். "எங்கிட்டப் பத்திரிகை கொண்டாந்தவங்களும் இப்படித்தான் நின்னாங்களோ?" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். "சில பேர் அப்படித்தான் நின்னாங்க மதினி."

ஞாயிற்றுக்கிழமை அரக்குப் பட்டில் வந்து தாலி முடிச்சைப் போட்டார். பையன் தலை நிமிர்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தான். தம்பி மனைவி மட்டும் மணமேடையில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை இருக்கிறது என்பதுபோல அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தார். மதினி அதைக் கவனித்ததும் தெரிந்தது, சாப்பாடு இறங்காததும் தெரிந்தது.

நாங்கள் கிளம்பும்போது மண்டப வாசலில் தம்பி மனைவிதான் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தார். மணமக்கள் பெயர் பொன் எழுத்தில் அச்சடித்த காகிதப் பை, உள்ளே தேங்காயும் வெற்றிலை பாக்கும். எனக்கு ஒன்று கொடுத்தார், அண்ணாச்சிக்கு ஒன்று கொடுத்தார். மதினியின் முறை வந்தது. மதினி இரண்டு கையையும் நீட்டினார். அன்றைக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

தம்பி மனைவி ஒரு பையை எடுத்தார். அதற்குள் கையை விட்டுத் தேங்காயையும் வெற்றிலையையும் வெளியே எடுத்தார். வெறும் பையை மடித்து மறுபடி அடுக்கில் வைத்தார்.

"முந்தானையை விரிங்க மதினி" என்றார்.

மதினி அரக்குப் பட்டின் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்.